பின் இருக்கையில் அமர்ந்த குழந்தை

(நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இத்தகைய விழாவில் பெரும்பொருள் ஒன்றைப் பற்றிப் பேசுவதே மரபு. நான் எடுத்துக்கொண்ட பொருளோ சிறிதாகத் தோன்றக்கூடும். குடும்பத்தார் அனைவரும் ஒரே காரில் ஏறி, பகலும் இரவும் நெடுவழி செல்வதைப் பொருளாகக் கொண்ட சிறுவர் கதைகளைப் பற்றிச் சில சொல்ல விழைகிறேன். இக்கதைகள் மிகுதியாகத் தோன்றிய நாடு அமெரிக்கா. எனவே என் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அந்நாட்டைச் சேர்ந்தவை. ஆயினும் இவற்றின் நடுவே நிற்கும் வினா நமக்கும் உரியது. வழியில் உள்ளவற்றுள் எவ்வளவைக் குழந்தைக்குச் சொல்வது, எவ்வளவை மறைப்பது என்பதே அவ்வினா. குழந்தைகளுக்காக எழுதுவோர் அனைவரும் விடை கூறியாக வேண்டிய வினா இது.

இக்கதைகள் பிறந்த சூழல்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்காவில் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் கார் வாங்கின. 1956ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம் 41,000 மைல் நீளத்துக்கு மாநிலங்களை இணைக்கும் சாலைகளை அமைக்க வழிசெய்தது. கோடை விடுமுறையில் தாத்தா பாட்டியின் ஊருக்குக் காரில் செல்வது குடும்ப வழக்கமாயிற்று. 1951ஆம் ஆண்டில் கெம்மன்ஸ் வில்சன் என்னும் வணிகர் தம் மனைவி மக்களுடன் காரில் பயணம் செய்தபோது, வழித்தங்கல் விடுதிகள் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிக்கட்டணம் கேட்டனவாம். அதனால் சினம் கொண்டு, குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லாத விடுதியைத் தாமே கட்டப் புறப்பட்டார். 1952இல் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட அவ்விடுதியே 'ஹாலிடே இன்' என்னும் பெயருடன் பின்னர் உலகெங்கும் பரவியது. ஒரு குடும்பப் பயணத்தின் மனக்குறை ஒரு பெருந்தொழிலைத் தோற்றுவித்தது. எனினும் அந்நாளில் தென்மாநிலங்களின் விடுதிக் கதவுகள் எல்லாக் குழந்தைகளுக்கும் திறந்திருக்கவில்லை. இதனைப் பின்னர் விரிவாகக் காண்போம்.

மகிழ்ச்சியை மட்டுமே பாடும் பயணக் கதைகள் பல உண்டு. சிந்தியா ரைலன்ட் எழுதி ஸ்டீபன் கேமல் படம் வரைந்த 'உறவினர்கள் வந்தார்கள்' என்னும் 1985ஆம் ஆண்டுப் படநூலை இதற்குச் சான்றாகக் கூறலாம். வர்ஜீனியாவிலிருந்து விடியுமுன் பழைய காரொன்றில் புறப்படும் உறவினர் கூட்டம் நாள் முழுதும் ஓட்டி வந்து இறங்குகிறது, கட்டித் தழுவுகிறது, கிடைத்த இடத்தில் படுத்து உறங்குகிறது, பல நாள் தங்கித் திரும்புகிறது. இடரோ சிக்கலோ கதையில் இல்லை. இத்தகைய நூல்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. உறவின் வெதுவெதுப்பைக் குழந்தைக்கு உணர்த்துவதும் இலக்கியத்தின் பணியே. ஆயினும் இவ்வகையின் சிறந்த நூல்கள் இதற்கு அப்பால் செல்கின்றன.

பின் இருக்கையின் இயல்பு

கப்பலேறிச் செல்லும் கதையிலும் காட்டில் வழிதவறும் கதையிலும் சிறுவர் தாமே செயலாற்றுவர். கார்ப் பயணக் கதையில் நிலை வேறு. வண்டி பெற்றோர் கையில் இருக்கிறது. எங்கே நிற்பது, எப்போது உண்பது, எந்த வழி செல்வது என்பவற்றுள் ஒன்றையும் குழந்தை முடிவு செய்வதில்லை. இறங்கிப் போகவும் முடியாது. அதனால் குழந்தைக்கு எஞ்சியவை இரண்டே. ஒன்று, சாளரத்தின் வழியே பார்ப்பது. மற்றொன்று, முன் இருக்கையில் பேசப்படுவதைக் கேட்பது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேசப்படும் செய்திகள் காருக்குள் தாழ்ந்த குரலிலேனும் பேசப்பட்டாக வேண்டும். உறங்குவது போல் கண்மூடிக் கிடக்கும் குழந்தையின் செவியில் அவை விழுகின்றன. எனவே காட்சியும் கேள்வியுமே இக்கதைகளுக்கு முதற்பொருள் எனலாம்.

கார் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஒருவர் எழுதிப் பார்த்திருக்கிறார். சிந்தியா வாய்ட் 1981இல் வெளியிட்ட 'ஹோம்கமிங்' என்னும் நாவல், கனெக்டிகட் மாநிலக் கடைத்தொகுதி ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்தில் தொடங்குகிறது. நான்கு குழந்தைகளையும் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு உள்ளே சென்ற தாய் திரும்பி வரவேயில்லை. பதின்மூன்று வயது மூத்தவள் டைசி தங்கையையும் தம்பியர் இருவரையும் அழைத்துக்கொண்டு உறவினர் ஊர் நோக்கி நடக்கத் தொடங்குகிறாள். பின் இருக்கையிலிருந்து இறங்கிய கணத்தில் குழந்தைப் பருவம் முடிந்துவிடுகிறது. அந்த இருக்கை எத்தகைய காவலாக இருந்தது என்பதை அதன் இழப்பால் இந்நாவல் உணர்த்துகிறது.

உண்மையைத் தானே மறைத்துக்கொள்ளும் சிறுமி

ஷேரன் க்ரீச்சின் 'வாக் டூ மூன்ஸ்' என்னும் நாவல் 1994இல் வெளிவந்து, 1995ஆம் ஆண்டின் நியூபெரி விருதைப் பெற்றது. ஒஹையோ மாநிலத்து யூக்லிட் நகரிலிருந்து ஐடஹோ மாநிலத்து லூயிஸ்டன் வரை, ஏறத்தாழ 2,000 மைல் தொலைவைத் தாத்தா பாட்டியுடன் காரில் கடக்கிறாள் சலமன்கா என்னும் பதின்மூன்று வயதுச் சிறுமி. பிரிந்து சென்ற தாயை அவளுடைய பிறந்தநாளுக்குள் சென்று காண வேண்டும் என்பது நோக்கம். பொழுது போவதற்காகத் தன் தோழி ஒருத்தியின் கதையைப் பெரியவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வருகிறாள். அத்தோழியின் தாயும் வீட்டை விட்டுப் போனவள். பிறர் கதையைச் சொல்லும் சிறுமி தன் கதையையே சொல்கிறாள் என்பது படிப்போர்க்குச் சிறிது சிறிதாகப் புலனாகிறது.

பயணத்தின் இறுதியில்தான் தாய் உயிருடன் இல்லை என்பது வெளிப்படுகிறது. அவள் சென்ற பேருந்து மலைச்சாலையில் விபத்துக்குள்ளாகி, லூயிஸ்டனில் அவளை அடக்கம் செய்துவிட்டனர். சிறுமிக்கு இச்செய்தி முன்பே சொல்லப்பட்டிருந்தது. ஏற்கத்தான் அவளால் இயலவில்லை. அதை ஏற்பதற்கு அவளுக்கு 2,000 மைல் தேவைப்பட்டது. பெரியவர்கள் உண்மையை மறைக்காமல் உரைத்தபோதும் குழந்தை தன் வேகத்தில்தான் அதனிடம் சென்றடையும் என்பதை இந்நூல் காட்டுகிறது. இங்குத் தாத்தாவும் பாட்டியும் செய்வது ஒன்றே: இடித்துரைக்காமல், அறிவுரை கூறாமல், வண்டியை ஓட்டுகிறார்கள், அவள் சொல்லும் கதையைக் கேட்கிறார்கள். க்ரீச்சும் தம் பன்னிரண்டாம் வயதில் பெற்றோருடன் ஒஹையோவிலிருந்து ஐடஹோவுக்குக் காரில் சென்றவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

ஒரு கவிதை மாற்றிய வழி

கவிஞர்கள் நிறைந்த இவ்வவையில் நான் சிறப்பாகக் கூற விரும்பும் நூல் கிறிஸ்டபர் பால் கர்ட்டிஸ் 1995இல் வெளியிட்ட 'வாட்சன் குடும்பம் பர்மிங்காம் செல்கிறது – 1963' என்பதாகும். கர்ட்டிஸ் மிச்சிகன் மாநிலத்து ஃபிளின்ட் நகரத்தவர், ஆப்பிரிக்க அமெரிக்கர். அங்குள்ள தொழிற்சாலையில் பதின்மூன்று ஆண்டுகள் கார்களுக்குக் கதவு பொருத்தும் பணி செய்தவர். உடன் பணி செய்தவரோடு முறை வைத்துக்கொண்டு, கிடைத்த இடைவேளைகளில் எழுதிப் பழகினார். கதவைப் பொருத்தியவரே பின்னாளில் அக்கதவுகளுக்குள் அமர்ந்த குழந்தைகளின் கதையை எழுதினார்.

கதை சொல்பவன் கென்னி என்னும் சிறுவன். அவனுடைய அண்ணன் பைரன் பதின்மூன்று வயதில் சொல்பேச்சுக் கேளாதவனாகத் திரிகிறான். அவனைத் திருத்த, தென்கோடி அலபாமா மாநிலத்தில் உள்ள பாட்டியிடம் விட்டு வரப் பெற்றோர் முடிவு செய்கின்றனர். 1948ஆம் ஆண்டின் பழைய பிளைமவுத் காரைத் தந்தை துடைத்துச் செப்பனிட்டு, ஓடும்போதே இசைத்தட்டுக் கேட்கும் கருவி ஒன்றையும் பொருத்துகிறார். தாய் ஒரு குறிப்பேட்டில், எந்நாள் எவ்வூரில் தங்குவது, என்ன உண்பது, எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் முறையாக எழுதி வைக்கிறாள். தந்தையோ யாரிடமும் சொல்லாமல் இடைநில்லாது ஓட்டிவிடத் தீர்மானிக்கிறார். இப்பகுதிகளைப் படித்துச் சிரிக்காதவர் இருக்க முடியாது.

அந்தச் சிரிப்பின் அடியில் வேறொன்றும் ஓடுகிறது. தாயின் குறிப்பேடு அவ்வளவு நுட்பமாக இருப்பதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. கறுப்பினக் குடும்பம் ஒன்று தெற்கு நோக்கிச் செல்லும்போது நினைத்த இடத்தில் இறங்க இயலாது. இரவில் மலைப்பகுதியில் ஓரிடத்தில் நிற்க நேரும்போது, அண்ணன் தம்பியிடம் வேடிக்கை போலச் சொல்லும் சொற்களில் உயிரச்சம் ஒளிந்திருக்கிறது. பின் இருக்கைக்குச் சொல்லப்படாத செய்தியை இருட்டே சொல்லிவிடுகிறது.

கர்ட்டிஸ் முதலில் இக்குடும்பத்தைப் புளோரிடாவுக்கு அனுப்பவே எண்ணியிருந்தார். அங்குச் சேர்ந்ததும் கதை மேலே நகரவில்லை. அந்நிலையில் அவருடைய மகன் டட்லி ராண்டல் என்னும் கவிஞரின் கவிதை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தான். ராண்டல் டெட்ராய்ட் நகரத்து நூலகர். கறுப்பினக் கவிஞர்களுக்காகப் பதிப்பகம் நடத்தியவர். 1963 செப்டம்பர் 15, ஞாயிறு காலை, பர்மிங்காமின் பதினாறாம் தெருத் தேவாலயத்தில் இனவெறியர் வைத்த குண்டு வெடித்து ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் என்னும் நான்கு சிறுமியர் உயிரிழந்தனர். மூவருக்கு வயது பதினான்கு, டெனிஸுக்குப் பதினொன்று. உரிமைப் பேரணிக்குச் செல்ல வேண்டாம், அங்கே ஆபத்து என்று மகளைத் தடுத்துத் தேவாலயத்துக்கு அனுப்பும் தாயைப் பற்றியது ராண்டலின் கவிதை. அதைக் கேட்டபின் வாட்சன் குடும்பம் எங்கே செல்ல வேண்டும் என்பது கர்ட்டிஸுக்குத் தெளிவாயிற்று. ஒரு சிறு கவிதை ஒரு நாவலின் திசையையே மாற்றியது. கவிதையால் என்ன பயன் என்று வினவுவோர்க்கு இதனைக் காட்டலாம்.

நாவலில் கென்னியின் தங்கை ஜோயி அன்று அத்தேவாலயத்துக்குச் செல்கிறாள். வெடிச்சத்தம் கேட்டு ஓடும் கென்னி இடிபாடுகளுக்கிடையே ஒரு காலணியைக் காண்கிறான். அது தங்கையுடையது என்றே நம்புகிறான். அவள் உயிர் பிழைத்திருக்கிறாள். ஆயினும் அவன் மனத்தில் ஏதோ முறிந்துவிடுகிறது. ஊர் திரும்பிய பின் வீட்டுச் சோபாவின் பின்புறம் ஒடுங்கிக் கிடக்கிறான். அவனை அங்கிருந்து மீட்பவன் திருத்தப்பட வேண்டியவன் என்று கருதப்பட்ட அந்த அண்ணனே.

"இத்தகைய கொடுமையைக் குழந்தைகள் படிக்கத்தான் வேண்டுமா?" என்று சிலர் வினவுவர். நியாயமான வினாவே. கர்ட்டிஸ் எதைக் காட்டினார், எதைக் காட்டவில்லை என்று நோக்கினால் விடை கிடைக்கும். இறந்தோரின் உடல்களை அவர் விவரிக்கவில்லை. ஒரு காலணியோடு நிறுத்திக்கொள்கிறார். நூலின் பெரும்பகுதியைச் சிரிப்பால் நிரப்பிக் குடும்பத்தை நம் குடும்பமாக்குகிறார். துயர் நேர்ந்த இடத்தில் கதையை முடிக்காமல், அதிலிருந்து மீளும் வழியையும் காட்டிய பின்னரே முடிக்கிறார். உண்மையைச் சொல்வதும் குழந்தையைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இந்நூல் நல்ல சான்று.

பச்சை நூலும் ஆற்றுப்படையும்

விக்டர் ஹியூகோ கிரீன் என்பவர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அஞ்சல்காரர். கறுப்பினத்தவர் அச்சமின்றித் தங்கவும் உண்ணவும் பெட்ரோல் நிரப்பவும் இடங்கொடுப்போரின் முகவரிகளைத் தொகுத்து 1936இல் ஒரு கையேடு வெளியிட்டார். 'கிரீன் புக்' என்று அறியப்பட்ட அது முதலில் நியூயார்க் வட்டாரத்தையும், பின்னர் நாடு முழுவதையும் தழுவியது. பயணம் செய்தோர் தமக்குத் தெரிந்த இடங்களை எழுதி அனுப்ப, அவை அடுத்த பதிப்பில் சேர்க்கப்பட்டன. இந்நூலே தேவைப்படாத நாள் வர வேண்டும் என்று கிரீன் அதில் எழுதினார். 1960இல் அவர் மறைந்தார். பொதுவிடங்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்த சட்டம் 1964 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. சில ஆண்டுகளில் கையேடும் நின்றது.

இதனைக் குழந்தைகளுக்குச் சொல்லும் படநூல், கால்வின் அலெக்சாண்டர் ராம்சி எழுதி ஃபிளாய்டு கூப்பர் ஓவியம் தீட்டிய 'ரூத்தும் பச்சை நூலும்' (2010). சிகாகோவிலிருந்து அலபாமாவிலுள்ள பாட்டி வீட்டுக்குப் புதுக் காரில் செல்லும் சிறுமி ரூத், வழியில் கழிப்பறையும் தங்குமிடமும் மறுக்கப்படுவதைக் காண்கிறாள். பிறகு ஒரு பெட்ரோல் நிலையத்தில் அக்கையேடு கிடைக்கிறது. பெற்றோர் அதைக் குழந்தையிடமிருந்து மறைக்கவில்லை. அவள் கையிலேயே கொடுத்துவிடுகின்றனர். அதைப் புரட்டி அடுத்த தங்குமிடத்தைக் கண்டறிந்து சொல்லும் பொறுப்பு அவளுடையதாகிறது. அச்சத்தால் ஒடுங்கியிருந்த குழந்தை வழிகாட்டியாக மாறுகிறாள்.

தமிழ் பயின்றோர்க்கு இவ்விடத்தில் ஆற்றுப்படை நினைவுக்கு வராமல் இராது. பரிசில் பெற்று மீள்வோர் தம் போன்ற வறியோரை எதிர்ப்பட்டு, தாம் பெற்ற வளத்தைக் கூறி, செல்லும் வழியையும் காட்டுவது ஆற்றுப்படை எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கூறும். சென்று வந்தவர் செல்லவிருப்பவர்க்குச் சொல்வது என்னும் இவ்வடிப்படை 'கிரீன் புக்'குக்கும் பொருந்துகிறது. எவ்வூரில் யார் சோறிடுவர், எங்கே இரவு தங்கலாம் என்பதே இரண்டிலும் செய்தி. ஒரு வேறுபாடும் உண்டு. ஆற்றுப்படையில் புகழப்படுபவன் வள்ளல்; கையேட்டில் இடம்பெறுவோர் பணம் பெற்றுக்கொண்டு அறை கொடுக்கும் எளிய மனிதர்கள். ஆனால் கதவு மறுக்கப்பட்டவர்க்குக் கதவு திறப்பதும் வள்ளன்மையே அன்றோ?

பத்துப்பாட்டில் மலைபடுகடாம் வழியின் இடர்களை மறைக்காமல் உரைக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள், பாம்புறையும் பிலங்கள், வழுக்கும் பாறைகள், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கற்கள் என ஒவ்வொன்றையும் எச்சரித்து, தப்பும் முறையையும் கூடவே சொல்கிறது. அச்சுறுத்துவது அதன் நோக்கமன்று. கேட்போர் நலமாகப் போய்ச் சேர வேண்டும் என்னும் அன்பே நோக்கம். முதுகலை வகுப்பில் இப்பகுதியை நடத்தியபோது மாணவி ஒருத்தி எழுந்து, "அந்தச் சுற்றத்தில் குழந்தைகளும் நடந்திருப்பார்கள் அல்லவா அம்மா? அவர்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று கேட்டாள். உரைகளில் விடை காண இயலாத வினா. ஆனால் அதுவே என்னை இந்த நூல்களின் பக்கம் திருப்பியது.

உமணர் வண்டியில் நம் குழந்தைகள்

நெடுவழிப் பயணத்தில் குழந்தைகள் நம் இலக்கியத்தில் இல்லாமலில்லை. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகராகிய உமணரின் வண்டித்தொடர் வருகிறது. காடி வைத்த கலமும் கோழிக்கூடும் வண்டியோடு வர, குழந்தையை உடைய பெண்ணொருத்தி எருதுகளை முடுக்கி ஓட்டுகிறாள். வீடே சக்கரத்தின் மேல் நகர்கிறது. சிறுபாணாற்றுப்படையிலோ, உமணரின் வண்டியோடு பிள்ளை போல் உடன்வந்த மந்தி ஒன்று, முத்தை உள்ளிட்ட கிளிஞ்சலைக் கிலுகிலுப்பையாக்கி உமணச் சிறுவரோடு விளையாடுகிறது. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், வழியில் அச்சு முறியக்கூடும் என்று உமணர் கூடவே எடுத்துச்செல்லும் 'சேமவச்சை'ப் பாடுகிறார். இன்றைய காரின் பின்பெட்டியிலுள்ள மாற்றுச் சக்கரத்துக்கு மூதாதை அது. தாய் ஓட்ட, சிறுவர் விளையாட, சேமவச்சும் கோழிக்கூடுமாகச் செல்லும் அவ்வண்டியை விடச் சிறந்த குடும்பப் பயணக் காட்சி வேறு எங்கு உண்டு?

ஆனால் அவ்வண்டியில் இருந்த சிறுவன் என்ன கண்டான், எதை அஞ்சினான், இரவில் தாய் தந்தையர் பேசியவற்றுள் எதைக் கேட்டான் என்பதை அவன் வாய்மொழியாகச் சொல்லும் பாட்டு நமக்குக் கிடைக்கவில்லை. அதை எழுதுவது இன்றுள்ளோர் பணி.

நம் குழந்தைகளும் பயணம் செய்கிறார்கள். முடியிறக்கவும் காது குத்தவும் குலதெய்வக் கோயிலுக்கு வேன் பிடித்துச் செல்லாத குடும்பம் குறைவு. புளிச்சோற்றுப் பொட்டலங்கள், வாந்திக்கு முகரும் எலுமிச்சம்பழம், சாளர ஓரத்துக்கு நடக்கும் சண்டை, சித்தப்பாவும் பெரியப்பாவும் பேசாதிருப்பதற்கான காரணம் என எல்லாம் அந்த வேனுக்குள் இருக்கின்றன. வழியில் தேநீர்க்கடையில் நிறுத்தும்போது, சிலருக்குக் கண்ணாடிக் குவளையும் வேறு சிலருக்கு வேறு குவளையும் தரப்படுவதைக் கண்ட குழந்தைகளும் நம்மிடையே உண்டு. இரட்டைக் குவளை என்னும் இழிவு தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் இருந்ததற்குச் சான்றுகள் உள்ளன. "அப்பா, நமக்கு மட்டும் ஏன் அந்தக் குவளை?" என்று பின் இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டிருக்கும். தந்தை என்ன விடை சொன்னார்? அந்த விடையில் ஒரு சிறுவர் நாவல் இருக்கிறது.

கவிஞர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். குழந்தைகளுக்கு எழுதும்போது நிலாவையும் அணிலையும் பாடுங்கள். வேண்டாமெனச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அதனோடு வழியையும் பாடுங்கள். வழியில் பள்ளம் இருந்தால் பள்ளம் இருக்கிறது என்று சொல்லுங்கள். கூடவே, அதைக் கடந்தவர் எவ்வாறு கடந்தனர் என்பதையும் சொல்லுங்கள். பள்ளத்தை மட்டும் சொல்லி விட்டுவிடுவது கொடுமை. பள்ளமே இல்லை என்பது பொய். மலைபடுகடாம் இரண்டையும் விலக்கி நடுவழி சென்றது. கர்ட்டிஸும் ராம்சியும் அறிந்தோ அறியாமலோ அவ்வழியே சென்றனர்.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டம் தன் அடுத்த ஆண்டின் திங்கட் கூட்டங்களுள் ஒன்றைச் சிறுவர் இலக்கியத்துக்கென ஒதுக்க வேண்டும் என்றும், அன்று நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் குழந்தையாயிருந்தபோது சென்ற ஒரு பயணத்தைக் குழந்தையின் குரலில் எழுதிவந்து படிக்க வேண்டும் என்றும் இவ்வவையின் முன் வைக்கிறேன். அவற்றை நம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் அழைத்துவந்து கேட்கச் செய்வோம். எங்கே கொட்டாவி விடுகிறார்கள், எங்கே நிமிர்ந்து உட்கார்கிறார்கள் என்பதை வைத்து நம் எழுத்தை அளந்துகொள்ளலாம். அதனினும் நேர்மையான திறனாய்வை நான் அறியேன்.